அனுபவம் இல்லையே என்னும் அச்சம்



பட்டப்படிப்பை முடிக்கும் பிள்ளை, "மேலாண்மைப் படிப்பிற்கு விண்ணப்பிக்கப் போகிறேன்" என்றவுடன் நம் இல்லங்களில் எழும் முதல் கேள்வி எது? "உனக்கு என்ன வேலை அனுபவம் இருக்கிறது? யார் இடம் தருவார்கள்?" என்பதுதான். இக்கேள்வியால் மனம் தளர்ந்து விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுவோர் உண்டு. உறவினரின் நிறுவனத்தில் ஓர் அனுபவச் சான்றிதழை எழுதி வாங்கிச் சமாளித்துவிடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. இவ்விரண்டும் தேவையற்றவை. ஏன் என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

முதலாவதாக, எந்தக் கல்விக்கூடம் எதைக் கேட்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கப்பட்டன. 2011இல் நம் திருச்சிராப்பள்ளியிலும் ஒன்று அமைந்தது. இவற்றின் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பிற்கான 'கேட்' நுழைவுத்தேர்வை எழுதப் பொதுவாகப் பட்டப்படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் போதும். இறுதியாண்டு மாணவரும் எழுதலாம். வேலை அனுபவம் கட்டாயமன்று.

மாறாக, ஐதராபாத்தில் 2001 முதல் நடைபெறும் ஐ.எஸ்.பி.யின் முதுநிலைப் படிப்பு இரண்டாண்டு அனுபவத்தை எதிர்பார்க்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டிலோ '2+2' என்றொரு வழி உண்டு. இறுதியாண்டு மாணவர் முன்கூட்டியே இடம் பெற்று, குறைந்தது இரண்டாண்டுகள் பணியாற்றிய பின் சேரலாம். ஆகவே, அனுபவமின்மை எல்லாக் கதவுகளுக்கும் போட்ட பூட்டு அன்று.

இரண்டாவதாக, குறையை எங்கே ஈடு செய்வது? ஐ.ஐ.எம்.கள் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளி, கல்லூரி மதிப்பெண்களையும் கணக்கில் கொள்கின்றன. பொறியியல் அல்லாத துறையினருக்கும் பெண்களுக்கும் பல கழகங்கள் கூடுதல் மதிப்பெண் அளிக்கின்றன. கலை, வணிகவியல் பயின்ற நம் பெண்மக்கள் இதனைக் கவனிக்க வேண்டும். அனுபவத்திற்குரியது இவற்றுள் ஒரு பகுதியே. நுழைவுத்தேர்வோ இரண்டு மணி நேரம். ஆங்கிலம், தரவு ஆய்வும் தர்க்கமும், கணிதம் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றிற்கும் 40 நிமிடங்கள். ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்ச அளவை எட்ட வேண்டும் என்பதால், ஆங்கிலத்தில் வல்லவர் கணிதத்தைக் கைவிட இயலாது. விகிதம், சதவீதம் என்னும் பள்ளிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

இங்கே ஒரு முக்கியச் செய்தி. மத்திய அரசின் பட்டியலில் தமிழ்நாட்டின் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் இதர பிற்படுத்தப்பட்டோராக இடம் பெற்றுள்ளனர். வருமான உச்சவரம்பைக் கடவாத குடும்பத்தினர் 27 விழுக்காடு ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். ஆனால் மாநில அரசுப் பயனுக்காக வாங்கிய சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் பெற வேண்டும். கடைசி நேரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடாமல் முன்னதாகவே பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, உங்களிடம் உள்ள அனுபவத்தை நீங்களே குறைத்து மதிப்பிடாதீர்கள். கல்லூரி விடுமுறையில் வாப்பாவின் கடையில் அமர்ந்த பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! அது பணியனுபவ மதிப்பெண்ணுக்கு உதவாமல் போகலாம். பெரும்பாலும் பட்டம் பெற்ற பின் செய்த முழுநேர வேலையையே அதற்குக் கணக்கிடுவர். ஆனால் நேர்முகத் தேர்வில் அது பேசும். "கடை நிர்வாகத்தில் உதவினேன்" என்பது வெறும் சொல். எந்தச் சரக்கு விற்காமல் தேங்கியது, ஏன் தேங்கியது, கடன் பாக்கியை வசூலிக்க என்ன முறை கையாண்டீர்கள், அதனால் என்ன மாறியது என்று எண்களோடு சொல்வதே அனுபவம். இன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். கூடவே, பட்டப்படிப்பின் பாடங்களையும் புரட்டிப் பாருங்கள். வேலை பார்க்காதவரிடம் வேலையைப் பற்றிக் கேட்க இயலாதன்றோ? படித்த பாடத்தைப் பற்றித்தான் துருவிக் கேட்பார்கள்.

வெளிநாட்டுக் கல்விக்கூடங்கள் பரிந்துரைக் கடிதங்களும் கேட்கும். அதற்காக ஊர்ப் பிரமுகரைத் தேடி அலையாதீர்கள். உங்களை அருகிலிருந்து கண்ட பேராசிரியரின், அல்லது பயிற்சிக்காலத்தில் உங்கள் வேலையை மேற்பார்த்தவரின் கடிதமே எடை மிக்கது.

இனி, பொய்ச் சான்றிதழைப் பற்றி. சேர்க்கையின்போது ஆவணங்கள் சரிபார்க்கப்படும். சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் கேட்டால் எதைக் காட்டுவது? பின்னாளில் பொய் வெளிப்பட்டாலும் பெற்ற இடம் பறிபோகும். அனைத்திற்கும் மேலாக, தராசில் ஒரு குண்டுமணி குறைந்தாலும் பிழை என்று சொல்லி வளர்த்த பெற்றோரே, பிள்ளையின் கல்வியை ஒரு பொய்க் காகிதத்தின் மீது தொடங்கி வைக்கலாமா? சுற்றத்தாரும் உதவுவதாக எண்ணிக் கையொப்பமிட வேண்டாம். மாறாக, உண்மையாகவே ஆறு மாத வேலை கொடுங்கள், அதுவே உதவி.

முதல் முறை இடம் கிடைக்காமற் போகலாம். 'கேட்' மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும் என்பதால் மீண்டும் எழுத நேரிடும். அந்த இடைக்காலத்தில் ஒரு வேலையில் சேர்ந்தால், இல்லை என்று வருந்திய அனுபவமும் வந்து சேரும். எனவே இழப்பு ஒன்றுமில்லை. வழக்கமாக ஆகஸ்டில் பதிவு தொடங்குகிறது. நவம்பர் இறுதியில் தேர்வு. உங்கள் மகனோ மகளோ இவ்வாண்டு விண்ணப்பிக்க விரும்பினால், "என்ன அனுபவம் இருக்கிறது?" என்று கேட்பதற்கு முன், "எதில் உதவ வேண்டும்?" என்று கேளுங்கள்.