மணலுக்கு அழுவோரும் மணலில் வாழ்வோரும்

முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் ஆற்றிடைக்குறையே திருவரங்கம். இக்கரைகளில் நின்று ஆற்றைக் காக்க முழங்கிய கூட்டங்கள் பல. உண்ணாநோன்புகள் நடந்தன, மாந்தர் கைகோத்து நின்றனர், மணல் ஏற்றிய சரக்குந்துகள் மறிக்கப்பட்டன, முறைமன்றங்களில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. இவை வீண் என்று கூறுதல் அறமன்று. மணற்கொள்ளையரின் அடியாள்களுக்கு அஞ்சாது நின்றவரை இகழ்வோன் தமிழன் ஆகான். ஆயினும், இத்தனைக்குப் பின்னும் மணல் மீளவில்லையே, அஃது ஏன் என்னும் வினாவைச் சூழல் ஆர்வலர்கள் தமக்குள் எழுப்பிக்கொள்ளல் வேண்டும்.

கொள்ளிடம்! எத்துணைப் பொருள்பொதிந்த தமிழ்ப்பெயர்! காவிரி தாங்கவியலாத வெள்ளத்தைத் தன்பால் கொள்ளும் இடம் அது. (ஆங்கிலேயன் வாயில் அது ‘கொலரூன்’ எனச் சிதைந்தது வேறு கதை.) வெள்ளமில்லாக் காலத்தில் வெறும் மணல்வெளியாய்த் தோன்றுவதே அதற்குக் கேடாயிற்று. ஆனால் அம்மணலின் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் நீரைத்தான் ஆற்றுப்படுகைக் கிணறுகள் எடுத்துத் திருச்சிராப்பள்ளி நகருக்கு ஊட்டுகின்றன. நெடுந்தொலைவிலுள்ள இராமநாதபுரத்தின் குடங்களும் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் காவிரிப் படுகையை நம்பியே இருக்கின்றன. அள்ளிய ஒவ்வொரு வண்டி மணலோடும், அது தேக்கி வைத்திருக்கக்கூடிய நீரும் போயிற்று.

2018 ஆகத்துத் திங்களில் கொள்ளிடம் பெருக்கெடுத்தது. 1928-இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 22-ஆம் நாளிரவு, 1836-இல் ஆர்தர் காட்டன் எழுப்பிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 கதவுகளுள் 9 அடித்துச் செல்லப்பட்டன. மணற்கொள்ளையே கரணியம் என்றனர் ஆர்வலர். அணையின் முதுமையும் வெள்ளமுமே என்றது அரசு. புதிய கதவணை எழுந்தது, பேச்சும் அடங்கியது.

வண்டியை மறித்தால் மணல் நிற்கும் என்பதே இதுகாறும் இருந்துவரும் நினைப்பு. தனியார் அள்ளுவதாற்றான் கேடு என்றெண்ணியோரும் உண்டு. 2003-இல் அரசே மணல் அள்ளும் பணியை ஏற்றது, ஆறு பிழைத்ததா? கொள்ளிடத்தில் காவல் வைத்தால் வெள்ளாற்றில் அள்ளுவான். அங்கும் தடுத்தால் பாலாறு இருக்கிறது. வாங்குவோன் காத்திருக்க, விற்போனை மட்டும் துரத்துவது நிழலைத் துரத்துவதாகும். அவ் வாங்குவோன் யாவன்? வீடு கட்டும் ஒவ்வொருவனும்! மேடையில் ஆற்றுக்காகக் கண்ணீர் சொரிந்துவிட்டு, தன் மனைக்கு ஆற்றுமணலே வேண்டும் என்று கொத்தனாரிடம் கட்டளையிடுவோனும் அவருள் ஒருவன்.

ஒன்றிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகம் ஆண்டொன்றுக்குப் பயன்படுத்தும் மணலும் சரளையும் ஏறத்தாழ 5,000 கோடி டன். பாலைமணலோ காற்றில் உருண்டு வழுவழுப்பாகிவிட்டமையால் கற்காரைக்கு உதவாது. எனவே ஆற்றின்மேலேயே கை விழுகிறது. கல்லை அரைத்துச் செய்யும் மணலே மாற்று என்பார் உளர். ஆற்றில் தோண்டிய குழியை மலையில் தோண்டுவது எங்ஙனம் மாற்றாகும்? குன்றுகளும் தமிழ்நிலத்தின் உறுப்புகளே.

ஆர்வலர் காணத் தவறும் காட்சி ஒன்று அவர்கள் கூடி முழங்கும் கரையிலேயே கிடக்கிறது. இடித்த வீடுகளின் செங்கல்லும் காரையும் கொள்ளிடக் கரையில் கொட்டப்படுகின்றன! ஆற்றிலிருந்து மணலாய்ப் போனது, குப்பையாய் ஆற்றுக்கே மீள்கிறது. அதை உடைத்து, சலித்து, தளக்கற்களுக்கும் சாலை அடித்தளத்துக்கும் பயன்படுத்தலாம். 2016-இல் ஒன்றிய அரசு வகுத்த ஒழுங்குமுறைகளே, மாநகராட்சி, அரசுப் பணிகளில் 10 முதல் 20 விழுக்காடு இத்தகு பொருள்களைக் கொள்ளுமாறு கூறின. இதை வலியுறுத்தி எத்தனை ஊர்வலம் நடந்தது? ஒப்பந்தத் தாள்களைப் புரட்டுவதில் கைதட்டலும் இல்லை, நிழற்படமும் இல்லை. அதனாற்றான் அப்பணி ஆளின்றிக் கிடக்கிறது.

மறியல் தொடரட்டும். அதனினும் மேலாக, நீரெடுக்கும் கிணறுகளருகே படுகையின் மட்டத்தை ஆண்டுதோறும் அளந்து, அவ்வளவைக் கரையிலேயே மக்கள் காண எழுதி வைக்குமாறு அரசைக் கேட்டல் வேண்டும். திருச்சிராப்பள்ளி மாநகராட்சி அடுத்துக் கட்டும் பள்ளியிலும் சாக்கடையிலும் உடைகாரை எத்தனை பங்கு என்று வினவுதல் வேண்டும். தம் வீட்டை இடித்துக் கட்டும் ஆர்வலர், அவ்விடிபாடு எந்தக் கரைக்குப் போகிறது என்று வண்டியின் பின்னேயே சென்று பார்த்து வருதல் வேண்டும்.