வீடு பார்க்க ஆவணியில் போவோம்

இடம்பெயர்ந்து வந்த நம்மில் சிலர் இப்போது வன்னியில் வீடு வாங்கப் பார்க்கிறோம். மார்கழியில் போனால் எந்தக் கிணறும் நிறைந்துதான் நிற்கும். சுவரில் பூசிய புது வெள்ளையைக் கண்டு முற்பணமும் கொடுத்துவிடுகிறோம். ஆவணியில் போய், ஒரு மணி நேரம் இறைத்து, தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். உவர்க் கிணற்றை நம்பி மிளகாய்க் கன்று நட முடியுமா? அயல்வீட்டாரிடமும் கேட்போம், விற்பவர் சொல்லாததை அவர்கள் சொல்லுவார்கள். அதுவரை பொறுத்தால் வீடு கைநழுவும் என்பார்கள். நழுவட்டும். கையிலுள்ளது தாலிக்கொடி விற்ற காசு.

உறுதியையும் பார்ப்போம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியானால், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதைக் கைமாற்ற முடியாது. முற்பணம் எண்ணுமுன் பிரதேச செயலகத்துக்கு ஒரு நடை போய்வருவோம்.