குரல் கம்மினால் வாயையும் பாருங்கள்



ஆசிரியரின் குரல் கம்முவதை நம் பள்ளிகளில் யாரும் ஒரு நோயாகக் கருதுவதில்லை. ‘கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது’ என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த வகுப்புக்குச் சென்றுவிடுகிறோம். அது உழைப்பின் அடையாளம் என்றுகூடப் பெருமைப்படுகிறோம். இப்போக்கு மாற வேண்டும். குரல் கெட்டால் தொண்டையை மட்டுமன்றி வாயின் நலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

இது நமக்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலிகள் பிறக்கத் துணைபுரியும் இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினைக் கூறுகிறார். இவற்றுள் பல், இதழ், நா, அண்ணம் ஆகிய நான்கும் வாயைச் சேர்ந்தவை. இலக்கணமாக நாம் கற்பிக்கும் இதனை உடல்நலப் பாடமாகவும் கொள்ளலாம்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சொத்தைப்பல் ஒன்று இருப்பதாலேயே குரல் கெட்டுவிடாது. குரல் பிறக்குமிடம் மிடற்றில் உள்ள குரல்நாண்கள். பேசும்போது அவை ஆண்களுக்கு நொடிக்கு 100 முறைக்கு மேலும், பெண்களுக்கு ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. அந்த அதிர்வைச் சொல்லாக வடித்துத் தருவது வாய். ஆனால் வாயைக் கெடுக்கும் காரணங்கள் பலவும் குரலையும் கெடுக்கின்றன.

முதலாவது, வறட்சி. உமிழ்நீர் பற்களுக்குக் காவல். தண்ணீர் குடிக்காமல் தொடர்ந்து நான்கு பாடவேளை பேசினால் வாய் உலர்கிறது. குரல்நாண்களும் ஈரம் குன்றி எளிதில் களைத்துப் போகின்றன. சளி, ஒவ்வாமை ஆகியவற்றுக்கு உண்ணும் சில மாத்திரைகளும் வாயை உலர்த்தும். வறண்ட தொண்டைக்கு நாம் தேடும் மருந்து என்ன? இனிப்பு மிட்டாயும் பால் கெட்டியாகக் கலந்த தேநீருமே. நாள் முழுதும் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டிருந்தால் பற்கள் ஓயாமல் சர்க்கரையில் ஊறுகின்றன. தொண்டைக்கென்று செய்வது பல்லுக்குப் பகையாகிறது.

இரண்டாவது, வயிற்று அமிலம். இரவில் நேரங்கழித்து உண்டு உடனே படுப்போருக்கு அமிலம் மேலேறித் தொண்டைவரை வரலாம். காலையில் குரல் கரகரப்பாக இருப்பதும், அடிக்கடி தொண்டையைச் செருமுவதும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். அதே அமிலம் மேற்பற்களின் உட்புறத்தையும் அரிக்கிறது. நெஞ்செரிச்சலே இல்லாதவருக்கும் இது நேர்வதுண்டு. ஆகவே, இச்சிக்கலை முதலில் கண்டுபிடிப்பவர் பல் மருத்துவராகவும் இருக்கக்கூடும்.

மூன்றாவது, தாடை. பல்வலியோ பொருந்தாத செயற்கைப் பல்லோ உள்ளவர் வாயை அகலத் திறக்க அஞ்சுவார். வாய் திறவாதபோது, கடைசி வரிசை மாணவனுக்கும் கேட்க வேண்டுமெனத் தொண்டையை இறுக்கிப் பேசுவார். அந்த இறுக்கம் நாள்தோறும் தொடர்ந்தால் குரலைத் தளரச் செய்துவிடும்.

பெற்றோர்களுக்கும் சொல்லுவதற்குச் செய்தி உண்டு. ஆறேழு வயதில் முன்பற்கள் விழுந்த பிள்ளைக்குத் தகர நகர ஒலிகள் சற்றுப் பிசகும். பல் முளைத்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்காகப் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் குரல் கரகரப்பு வேறு. ஓயாமல் கத்தும் பிள்ளைகளுக்குக் குரல்நாண்களில் சிறு முடிச்சுகள் தோன்றுவதுண்டு. எப்போதும் வாயைத் திறந்து மூச்சுவிடும் பிள்ளைக்கு மூக்கடைப்போ மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சியோ இருக்கலாம். அதனால் வாய் உலர்ந்து, ஈறும் பல்லும் கெட்டு, குரலும் மூக்கடைத்தாற்போல் ஒலிக்கும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்தை உறிஞ்சும் பிள்ளைக்கு வாயில் வெண்படலமும் குரல் கம்மலும் ஏற்படலாம். மருந்தை நிறுத்திவிடாதீர்கள், ஒவ்வொரு முறை உறிஞ்சியபின்னும் வாய் கொப்பளித்துத் துப்பப் பழக்குங்கள். பயன் மிகுந்த எளிய பழக்கம் இது.

நம் நாட்டில் பல் மருத்துவக் குழுவினர் பள்ளிக்கே வந்து மாணவர்களின் பற்களைச் சோதிக்கின்றனர். குவளையும் தூரிகையுமாகப் பிள்ளைகளைக் கால்வாயோரம் வரிசையாக அமர்த்திப் பல் துலக்கக் கற்பிக்கிறோம். அவர்களை வரிசையில் நிறுத்தும் ஆசிரியரின் பல்லை யார் பார்க்கிறார்கள்? பல் வலித்தால்தான் மருத்துவரிடம் போவது என்பது நம்மில் பலரின் வழக்கமாகிவிட்டது.

நான் முன்வைப்பன இவை. ஆசிரியர் பயிற்சியில் குரல் பேணலும் வாய்நலமும் ஒரு பாடமாக இடம்பெற வேண்டும். ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கொரு முறையேனும் பல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வகுப்பில் ஆசிரியர் மேசையில் தண்ணீர்ப் புட்டி இருப்பதைத் தலைமையாசிரியர்கள் குறையாகக் கருதக் கூடாது. மார்ச் 20 உலக வாய்நல நாள். ஏப்ரல் 16 உலகக் குரல் நாள். இவ்விரு நாள்களையொட்டிச் சபைகூடலில் பத்து நிமிடம் ஒதுக்கினால், மாணவரும் ஆசிரியரும் சேர்ந்தே பயன்பெறுவர்.

குரல் கம்மல் நான்கு வாரத்திற்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை நாடுங்கள். புகைப்பழக்கம் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். வாயிலும் மிடற்றிலும் புற்றுநோய்க்கு வழிகோலுவது புகை.

தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் திருத்தமான தமிழ் ஒலிப்பைக் கேட்பது ஆசிரியரின் வாயிலிருந்துதான். லகர, ளகர, ழகர வேறுபாட்டை வெண்பலகையில் எழுதிக் காட்டிவிட முடியாது. ஒலித்துத்தான் காட்ட வேண்டும். அந்த வாயையும் குரலையும் பேணுவது நம் பணியின் ஒரு பகுதியே.