செத்த மாட்டில் வைத்த நஞ்சு

2025 ஜூன் கடைசியில் மாதேஸ்வரன் மலைக் காட்டில் ஒரு தாய்ப்புலியும் நாலு குட்டிகளும் செத்துக் கிடந்தன. இடம் கர்நாடகம்தான், ஆனால் நம்ம ஈரோடு மாவட்டத்துக் காட்டோடு ஒட்டிய மலை அது. மேய்ச்சலுக்குப் போன மாட்டைப் புலி அடித்தது, அந்த மாட்டு உடம்பில் பூச்சிமருந்தை வைத்துவிட்டார்கள் என்று மூன்று பேர் கைதானார்கள். அதற்கு முன், 2023 செப்டம்பரில், நீலகிரி அவலாஞ்சிப் பக்கம் இரண்டு புலிகள் செத்ததும் இதே கதைதான். அங்கே கைதானவர் ஒரு விவசாயி.

புலி அடித்த மாட்டை ஒரே வேளையில் தின்று முடிக்காது. புதர் மறைவுக்கு இழுத்துப்போய்ப் போட்டுவிட்டு, மூணு நாலு நாள் திரும்பத் திரும்ப வந்து தின்னும். குட்டிகள் ஏறக்குறைய இரண்டு வயசு வரை தாய் கூடவே திரியும். ஒரு மாட்டில் வைத்த நஞ்சு ஒரு குடும்பத்தையே முடித்துவிடுவது இப்படித்தான்.

மாட்டுக்காரரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கறவை மாடு போனால் அந்த வீட்டில் பால் காசு போச்சு, எரு போச்சு. இழப்பீடு இருக்கிறது என்பார்கள். அதற்கு மாட்டு டாக்டர் வரணும், வனத்துறை வரணும், போட்டோ எடுக்கணும், அப்புறம் மாசக்கணக்கில் நடக்கணும். ஆனால் புலி மறுநாள் ராத்திரியே திரும்பி வந்துவிடும். கோபமும் அப்போது ஆறியிருக்காது. வீட்டு மூலையில் மருந்து டப்பா தயாராக இருக்கும்.

அந்த டப்பாவைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். நஞ்சில்லா உணவு என்று சொல்லும்போது நாம் சோற்றுத் தட்டோடு நின்றுவிடுகிறோம். பயிருக்கு என்று வாங்கி வைத்த மருந்து வீட்டில் இல்லாமலே இருந்தால், கோபத்தில் கை நீண்டாலும் எடுக்க ஒன்றும் கிடைக்காது. காட்டோரக் கிராமங்களைத்தான் இயற்கை வேளாண்மைக்கு முதலில் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தமிழ்நாட்டில் 2006 கணக்கெடுப்பில் 76 புலிகள், 2022-இல் 306. சத்தியமங்கலம் புலிகள் காப்பகமானதே 2013-இல்தான். புலி பெருகினால் மாடும் புலியும் எதிர்ப்படுவதும் கூடத்தான் செய்யும், மறைத்துப் பயனில்லை. நம்ம வயலைக் கிளறும் காட்டுப்பன்றியையும் மேயும் மானையும் தின்பதும் அதே புலிதான். (பன்றிக்கு ராத்திரிக் காவல் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.)

காட்டோர ஊர்க்காரர்கள் அடுத்த கிராமசபையில் ஒரு தீர்மானம் போடுங்கள்: புலி மாட்டை அடித்த தகவல் போன அன்றைக்கே அதிகாரி வந்து பார்க்க வேண்டும், இழப்பீட்டில் ஒரு பங்கை முன்பணமாக மாட்டுக்காரர் கையில் அங்கேயே கொடுத்துவிட வேண்டும், மீதி அப்புறம் வரட்டும்.