நாகையைக் கடல் கொள்ளவில்லை

சூடாமணி விகாரம் எங்கே என்று நாகப்பட்டினத்தில் கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த விடை பெரும்பாலும் ஒன்றே: "அதைக் கடல் கொண்டு போய்விட்டது." இவ்விடையைச் சொன்னவர்களில் எங்களுடன் வந்த 'பொன்னியின் செல்வன்' அன்பர்களும் உண்டு. புயலும் கடற்பெருக்கும் விகாரத்தைச் சூழும் கட்டங்களைக் கல்கி அவ்வளவு உயிரோட்டமாக எழுதிவிட்டார். குற்றம் அவருடையதன்று; புதினத்தை மூடி வைத்தபின் வரலாற்றைத் திறக்காத நம்முடையது.

ஸ்ரீவிஜய மன்னர் மாறவிஜயோத்துங்கவர்மர் தம் தந்தை சூளாமணிவர்மரின் பெயரால் எடுத்த விகாரம் இது. அதற்கு முதலாம் இராஜராஜர் தமது 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்ததை 21 ஏடுகள் கொண்ட பெரிய லெய்டன் செப்பேடு சொல்கிறது. அருள்மொழிவர்மர் இளவரசராக இருந்த காலத்தில் இவ்விகாரமே எழுந்திருக்கவில்லை என்பதை நினைவூட்டினால் அன்பர்கள் சிலர் முகம் வாடுகிறது. வாடட்டும்.

கடல் தின்றதாகச் சொல்லப்படும் பௌத்த நாகையின் செங்கற்கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலும் நின்றுகொண்டிருந்தது. கப்பலோட்டிகள் கரையை அடையாளங்காண உதவிய அதனைச் 'சீனக் கோபுரம்' என்றும், 'புதுவெளிக் கோபுரம்' என்றும் அழைத்தனர். 1846இல் அதை நேரில் கண்ட சர் வால்டர் எலியட், சதுர வடிவில் மூன்று நிலைகளுடன் நின்றதை எழுதி வைத்தார். அது விகாரத்தின் பகுதியா, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் குறிப்பிடும், 1267ஆம் ஆண்டுச் சீன எழுத்துப் பொறித்த கோபுரமா என்று அறிஞர்கள் வழக்காடலாம். வழக்காடுவதற்குக் கோபுரம்தான் இல்லை.

அதனை வீழ்த்தியது அலையன்று, அனுமதித் தாள். அவ்விடத்தில் குடியேறிய இயேசு சபைத் துறவியர் 1859இல் இடிக்க அனுமதி கோரினர், அப்போது கிடைக்கவில்லை. 1867இல் கிடைத்தது. இடித்தார்கள். ஆங்கிலேய அரசின் கையொப்பத்துடன், பட்டப்பகலில் நடந்த செயல். இதைக் 'கடல்கோள்' என்று சொல்வது கையொப்பமிட்டவர்களுக்கு நாம் தரும் மன்னிப்புச் சீட்டு! புகாரையும் கொற்கையையும் பாடிப் பழகிய நமக்கு, எந்தத் துறைமுகம் அழிந்தாலும் கடல்மேல் பழிபோடுவது எளிதாகிவிட்டது.

மண்ணோ நேர்மையாக நடந்துகொண்டது. 1856 முதல் 1930கள் வரை ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்களைத் திருப்பித் தந்தது. சில எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன; வேறு சில கடல்தாண்டிப் போய்விட்டன. செப்பேடும் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்து அவ்வூரின் பெயரையே பெற்றது. ஆனைமங்கலச் செப்பேடு என்று சொல்ல நமக்கே நா எழுவதில்லை.

கோபுரம் நின்ற இடத்தைக் காட்டும் ஒரு கல்லேனும் எங்கள் கண்ணில் படவில்லை. சிலை வேண்டாம், மணிமண்டபம் வேண்டாம், ஒலி ஒளிக் காட்சி நிச்சயமாக வேண்டாம். ஒரு கல் போதும். அதில் 1846இல் எலியட் கண்டதை எழுதுக. இடிக்கப்பட்ட ஆண்டு 1867 என்பதையும், அனுமதி கேட்டவர் யார், கொடுத்தவர் யார் என்பதையும் தமிழில் தெளிவாக எழுதுக.