கம்ப்யூட்டரைக் கண்டம் செய்ய இவர்கள் யார்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அன்று முதல் புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் இருவர் சந்தித்தால் சர்க்கரை, பிரஷருக்கு அடுத்த பேச்சு இதுதான்: "பதினொன்றுக்கு மாறிட்டீங்களா?" கடைக்காரர்களோ எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருக்கிறார்கள்: "பழைய மாடல் சார், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க."

ஏன் தூக்கிப் போட வேண்டும்?

அரசு அலுவலகத்தில் கால் உடைந்த நாற்காலியைக் கண்டம் செய்யவே ஒரு கோப்பு போட வேண்டும். பழுதுபார்க்க முடியாது என்று ஒருவர் எழுதித் தர வேண்டும், மேலதிகாரி கையெழுத்திட வேண்டும், பிறகுதான் ஏலம். இங்கோ நன்றாக ஓடும் கம்ப்யூட்டரை ஒரே வார்த்தையில் கண்டம் செய்துவிடுகிறார்கள். நம்மையே 60 வயதில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்!

விஷயம் இதுதான். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. அந்தத் தலைமுறை வந்ததே 2017-இல்தான். உங்கள் இயந்திரம் தகுதி பெற்றிருந்தால் இலவசமாகவே மாறிக்கொள்ளலாம், தயங்காதீர்கள். இல்லையென்றால்? பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசவும், நாலு பக்கம் தமிழில் தட்டச்சு செய்யவும் பழையது போதாதா?

"அப்படியே கிடக்கட்டும்" என்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. ஆதரவு நின்றால் கம்ப்யூட்டர் நிற்காது. ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. பூட்டு கெட்ட வீட்டில் பென்ஷன் பணத்தை வைப்பீர்களா?

வழி இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பெறலாம். அதற்கு 30 டாலர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து நம் செட்டிங்ஸை அங்கே சேமிக்கச் சம்மதித்தால் காசில்லை. அதற்குப் பிறகும் இலவசமான லினக்ஸ் இருக்கிறது. "அதெல்லாம் நமக்கு வராது" என்கிறீர்களா? பிரான்சின் ஜாந்தார்மெரி போலீஸ் படை பல்லாயிரம் கம்ப்யூட்டர்களை லினக்ஸ் வகையான உபுண்டுவில்தான் ஓட்டுகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த நோய்க்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள்: ஒப்ஸொலெஸான்ஸ் ப்ரொக்ராமே, அதாவது திட்டமிட்ட மூப்பு. புதிதை வாங்க வைப்பதற்காகவே ஒரு பொருளின் ஆயுளை வேண்டுமென்று குறைப்பதை அங்கே 2015-இல் குற்றமாக்கினார்கள். 2 ஆண்டு சிறை, 3 லட்சம் யூரோ அபராதம் வரை போகலாம். நம் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும்.

அதுவரை, யாராவது "தூக்கிப் போடுங்க" என்றால், என்ன பழுது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார்கள்.