உயில் போதாது

புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் காணும் தொண்டைமானின் ஆயுதங்கள் போருக்குப் போகாதவை. நெய் பூசப்பட்டு, மாலை சூடிக் காவலில் இருப்பவை. யானைக்கவுனியில் என் நண்பரின் தந்தையார் பேணிவரும் இரண்டு பழைய துப்பாக்கிகளைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாடல் நினைவுக்கு வரும். எழுபதைக் கடந்த பெரியவர், அவற்றை மகனுக்கென்று உயிலில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார். அந்த நிம்மதி பிழையானது என்பதே என் கருத்து.

வீட்டையும் நகையையும்போலத் துப்பாக்கி உயிலால் மட்டும் கைமாறுவதில்லை. உரிமம் அதைப் பெற்றவரோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் உரிமமின்றி அதை வீட்டில் வைத்திருப்பது 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி குற்றம். தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, மகன் தம் பெயரில் உரிமம் கோர வேண்டும். சென்னையில் காவல் ஆணையரிடம். ஒருவருக்கு மூன்று என்றிருந்த வரம்பை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வருபவற்றுக்கும் அதுவே வரம்பு. ஆகவே, பெரிய சேகரிப்பு முழுவதையும் மூத்த மகனுக்கே விட்டுச்செல்ல இயலாது.

வரம்பு சரியானதே, ஆயுதம் வெறும் நினைவுப்பொருள் அன்று. ஆனால் 2016ஆம் ஆண்டு விதிகள் தந்துள்ள வழியை நாம் பயன்படுத்துவதில்லை. 70 வயதானவரோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தவரோ, தாம் வாழும்போதே வாரிசு ஒருவரைக் குறிப்பிட்டு அவருக்கு உரிமம் கிடைக்க வழிசெய்யலாம்.

சாவைப் பற்றிப் பேசுவது நம் வீடுகளில் அபசகுனம். அந்த மௌனத்துக்காகப் பிள்ளைகள் நீதிமன்றப் படியேற வேண்டுமா?